ஷேவிங் ஸ்கட்டில்: நுரையைச் சூடாக வைக்கும் பாண்டம் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

டொராண்டோவில் எங்கள் வீட்டுக் குளியலறை அலமாரியில் பழுப்பு நிறத்தில் ஒரு பாண்டம் இருக்கிறது. விருந்துக்கு வருகிறவர்கள் கை கழுவப் போய்விட்டு வெளியே வந்ததும் "உள்ளே எதுக்கு டீப்பாட் வச்சிருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். விளக்கம் சொன்னால் அதிலிருந்து நாலு கேள்வி கிளம்புகிறது. ஊரிலிருந்து போனில் கேட்கிறவர்கள் தனி. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"ஸ்கட்டில்னா என்ன? பார்க்க மூக்கு வீங்கின கெண்டி மாதிரில்ல இருக்கு."

கிட்டத்தட்ட அதேதான். வெந்நீர் ஊற்ற ஓர் இடம், நுரை கடைய ஓர் இடம், பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. பிரிட்டனில் கணப்படுப்புக்குப் பக்கத்தில் நிலக்கரி அள்ளி வைக்கும் அகல வாய் வாளிக்குத்தான் ஸ்கட்டில் என்று பெயர். சவரப் பாண்டத்தின் அகலமான மூக்கு அந்த வாளியின் வாயைப் போல இருப்பதால் அதே பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது.

வேலை சுலபமானது. சுற்றிலும் வெந்நீர், நடுவில் நுரை. வெந்நீரின் சூடு பாண்டத்தின் சுவர் வழியாக நுரைக்குப் போகும். நீங்கள் முகம் முழுக்க ஒரு தடவை மழித்துவிட்டு (அதுதான் ஒரு மழிப்பு) இரண்டாவதுக்கு நுரை எடுக்கும்போதும் அது வெதுவெதுப்பாக இருக்கும்.

"சும்மா ஒரு கிண்ணத்துல நுரை அடிச்சா ஆறாதா? அதுலயும் வெந்நீர்தானே ஊத்துறோம்?"

ஆறும், அதுவும் சீக்கிரமே. நுரை என்பது பெரும்பாலும் காற்று. கிண்ணம் நிறைய நுரை இருந்தாலும் அதில் உள்ள தண்ணீர் ஒன்றிரண்டு தேக்கரண்டிதான். சூட்டைப் பிடித்து வைப்பது தண்ணீர், காற்று அல்ல. அதனால் நுரைக்குள் சூடு தங்கவே தங்காது. ஸ்கட்டிலில் வெளியே நிற்கும் கால் லிட்டர் வெந்நீர்தான் அந்தச் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். கீழே பல இடங்களில் இந்தப் பதிலுக்கே திரும்ப வருவேன்.

"சூடா இருந்தா ஷேவ் நல்லா வருமா? உண்மையைச் சொல்லுங்க."

சுகமாக இருக்கும். நன்றாக வருமா என்றால், கொஞ்சம்தான். தாடி முடியை மிருதுவாக்குவது முக்கியமாகத் தண்ணீர். நனைந்து ஊறிய முடி காய்ந்த முடியைவிடச் சுலபமாக வெட்டுப்படும். வெதுவெதுப்பு அந்த ஊறலை விரைவாக்கும், அவ்வளவுதான். குளித்து முடித்த கையோடு மழிப்பவருக்குப் பாதி வேலை முன்பே முடிந்துவிட்டது.

அதனால் "ஸ்கட்டில் வாங்கினா ரேசர் எரிச்சல் போயிடுமா?" என்று கேட்பவர்களிடம் போகாது என்றே சொல்கிறேன். எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் அழுத்திப் பிடிப்பதும், மழுங்கிய பிளேடும், முடி வளரும் திசைக்கு எதிராக எடுத்த எடுப்பிலேயே இழுப்பதும். இதற்கெல்லாம் எந்தப் பாண்டமும் பரிகாரம் ஆகாது. இது ஜனவரி மாதக் காலை ஆறு மணிக்கு, வெளியே மைனஸ் பதினெட்டு இருக்கும்போது, ஜில்லென்ற நுரையைக் கழுத்தில் தடவிக்கொள்ளாமல் தப்பிக்கும் வழி.

"இது ராஜா காலத்துச் சாமானா? யார் பயன்படுத்தினாங்க?"

ராணி காலத்துச் சாமான்! விக்டோரியா ராணி காலத்து பிரிட்டனில் நடுத்தர வீடுகளில்கூட மாடியறைக்குக் குழாயில் வெந்நீர் வராது. கீழே அடுப்பில் காய்ச்சி, மூடி போட்ட செம்புக் குவளையில் பணிப்பெண் மேலே தூக்கிக்கொண்டு வருவாள். அந்த ஒரு குவளைத் தண்ணீர் ஆறுவதற்குள் மழித்து முடிக்க வேண்டும். கையில் இருப்பதோ திறந்த கத்தி, அவசரப்பட முடியாது. பீங்கானிலும், தகரத்திலும், வெள்ளி முலாம் பூசியும் ஸ்கட்டில்கள் வந்தது இந்தத் தேவைக்குத்தான்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தேவை குறைந்தது. ஜில்லெட்டின் பாதுகாப்பு ரேசர் 1903இல் விற்பனைக்கு வந்தது. 1919இல் அமெரிக்காவில் பிரஷே வேண்டாம் என்று பார்பசால் கிரீம் வந்தது. வீட்டுக்கு வீடு வெந்நீர்க் குழாய் வந்தது, டப்பாவை அமுக்கினால் நுரை வந்தது. ஸ்கட்டில் பழைய சாமான் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. பிரஷும் சோப்பும் வைத்து மழிக்கும் பழக்கம் 2000க்குப் பிறகு திரும்ப வந்தபோது இதுவும் கூடவே வந்தது.

"பழசும் புதுசும் ஒண்ணுதானா? படத்துல வேற வேற மாதிரி இருக்கே."

பெயர்தான் ஒன்று. பழைய ஸ்கட்டிலில் அகலமான மூக்கு வழியாக வெந்நீர் ஊற்றி, அந்த மூக்கிலேயே பிரஷை நிறுத்தி வைப்பார்கள். மேலே ஓட்டை போட்ட ஒரு தட்டு இருக்கும், சோப்பு அதில். பிரஷைத் தண்ணீரில் தோய்த்துச் சோப்பில் தேய்த்து முகத்திலேயே நுரை கடைவார்கள். மிஞ்சிய தண்ணீர் ஓட்டை வழியே கீழே இறங்கும். ஆக, அது சூடாக வைத்தது தண்ணீரையும் பிரஷையும். நுரையை அல்ல.

இன்றைய ஸ்கட்டில் இரட்டைச் சுவர்ப் பாண்டம். உள்ளே ஒரு கிண்ணம், வெளியே ஒரு கூடு, நடுவில் வெந்நீர். இங்கே கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கையால் வனைந்த மாஸ் ஸ்கட்டில் இந்த வகையில் பேர் போனது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஜார்ஜ்டவுன் பாட்டரி செய்ததும் பலரிடம் இருக்கிறது. நுரை சூடாக இருக்க வேண்டும் என்றால் இந்த வகைதான் வேண்டும். அழகுக்குப் பழையதை வாங்கிவிட்டு "நுரை ஆறிடுதே" என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

"வாங்குறப்ப என்ன பார்க்கணும்?"

முதலில் உள் கிண்ணத்தின் அகலம். பிரஷ் தாராளமாகச் சுழல வேண்டும். முடிக்கட்டு 24 மில்லிமீட்டர் உள்ள சாதாரண பிரஷுக்கு 10 முதல் 12 சென்டிமீட்டர் வாய் போதும். அதைவிடச் சிறிதானால் பிரஷ் விளிம்பில் இடித்து நுரை கை மேல் வழியும். ரொம்பப் பெரிதானால் நுரை சுவரெல்லாம் மெல்லிசாகப் படர்ந்து காய்ந்துபோகும்.

அடுத்து, உள்பக்கம் வரிவரியாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். குயவர் சக்கரத்தில் விரலால் விட்ட வரிகள் பிரஷைப் பிடித்து நிறுத்தும், நுரை சீக்கிரம் திரளும். வழவழவென்று இருந்தால் பிரஷ் வழுக்கிக்கொண்டே சுற்றும்.

மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. கடையில் அதில் தண்ணீர் நிரப்பி, கையில் எடுத்துக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். நுரை கடையும்போது பாண்டம் நேராக நிற்காது. வெந்நீர் மூக்கு வழியாக மணிக்கட்டில் தெறித்தால் அன்றைக்கு அந்த ஸ்கட்டில் மீது இருந்த ஆசை போய்விடும். தண்ணீர் விடும் துவாரம் உயரத்தில் இருப்பதும் அடைப்பான் இருப்பதும் நல்லது. கைப்பிடிக்குள் மூன்று விரலாவது நுழைய வேண்டும், நிரப்பிய பிறகு இது ஒரு கிலோ பக்கம் கனக்கும். நிறம் உங்கள் இஷ்டம்.

"கெட்டில்ல கொதிச்ச தண்ணிதான் ஊத்துறேன். ஆனாலும் அஞ்சு நிமிஷத்துல வெதுவெதுன்னு ஆயிடுது. ஏமாத்திட்டாங்களா?"

ஏமாற்றவில்லை, பாண்டமே சூட்டைக் குடித்துவிட்டது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 டிகிரியில் இருக்கும் 600 கிராம் மண்பாண்டத்தில் 95 டிகிரித் தண்ணீர் 250 மில்லி ஊற்றுகிறீர்கள். பாண்டமும் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்து நிற்கும்போது அது ஏறக்குறைய 70 டிகிரிதான் இருக்கும். காற்றுக்கு ஒரு துளியும் போகாமலே 25 டிகிரி காலி. நீங்கள் ஊற்றியது பாதி அளவு என்றால் நிலைமை இன்னும் மோசம்.

அதனால் பாண்டத்தை முதலில் சூடாக்க வேண்டும். நான் குளிக்கப் போகும்போது ஸ்கட்டிலைக் குழாய் வெந்நீரில் நிரப்பி வாஷ்பேசினில் வைத்துவிடுவேன். பிரஷும் பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரில் ஊறும். குளித்து வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கெட்டிலில் காய்ச்சிச் சில நிமிடம் ஆறவிட்ட தண்ணீரை ஊற்றுவேன். பத்துப் பதினைந்து நிமிடம் தாராளமாகச் சூடு நிற்கிறது. மூன்று மழிப்புக்கு அது போதும்.

"அப்ப நேரா கொதிக்கக் கொதிக்கவே ஊத்திட்டா இன்னும் நல்லதில்லையா?"

வேண்டாம். குளிர்ந்து கிடக்கும் மண்பாண்டத்தில் திடீரென்று கொதிநீர் பட்டால் விரிசல் விடலாம். முதலில் குழாய் வெந்நீர், பிறகு கெட்டில் தண்ணீர் என்று மேலே சொன்ன வரிசைக்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, தோல். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளிலேயே தோலைச் சுட்டுவிடும். நுரை அவ்வளவு சூட்டுக்குப் போகாது என்றாலும் கிண்ணத்தின் அடியில் தேங்கும் சோப்புத் தண்ணீர் போகும். முகத்துக்கு 40 முதல் 45 டிகிரி போதும். முதல் முறை பிரஷை முகத்துக்குக் கொண்டுபோகும் முன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள், குழந்தைக்குப் பால் சூடு பார்ப்பது போல.

"ஊட்டியில தண்ணி 100 டிகிரிக்கு முன்னாடியே கொதிச்சிடுமாமே. அங்க இது வேலைக்கு ஆகுமா?"

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், வாஸ்தவம். ஆனால் முந்தைய இரண்டு பதில்களைப் பார்த்தால் தெரியும், நமக்கு வேண்டியது 70 சொச்சம்தான். சமவெளியில் இருப்பவரைவிட ஊட்டிக்காரருக்கு இது ஆயிரம் மடங்கு பயன்படும்.

"சென்னையில இருக்கேன். நுரையே வரமாட்டேங்குது. எனக்கு ஒண்ணு வாங்கி அனுப்புங்களேன்."

அனுப்ப மாட்டேன். மே மாதம் சென்னையில் நுரையைச் சூடாக வைக்க வெயிலே போதும், பாண்டம் எதற்கு? டிசம்பர் மழைக்காலத்தில் நாலு நாள் ஆசைப்பட்டால் அதற்கு அடுத்த கேள்வியில் வழி இருக்கிறது.

உங்கள் உண்மையான பிரச்சினை வேறாக இருக்கலாம். "நுரையே வரமாட்டேங்குது" என்று சொன்னீர்களே, அது போர்வெல் தண்ணீர். தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திப்பியாகிவிடும், சோப்பில் பாதி அதற்கே செலவாகும். ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரில் பிரஷை ஊறவைத்துக் கடைந்து பாருங்கள்.

"டபராவுல வெந்நீர் ஊத்தி அதுக்குள்ள ஒரு கிண்ணத்தை வச்சா அதே வேலை ஆகாதா?"

ஆகும். இதைக் கேட்டவர் என் மாமியார், கேட்டதிலேயே இதுதான் சரியான கேள்வி. இரட்டைச் சுவர் வேண்டும் என்பதுதான் தத்துவம், அது வீட்டுப் பாத்திரத்திலேயே கிடைக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. சின்ன எவர்சில்வர் கிண்ணம் தண்ணீரில் மிதக்கும். பிரஷை வைத்துக் கடைய ஆரம்பித்தால் பரிசல் போலச் சுற்றும், ஒரு பக்கம் சாய்ந்து வெந்நீர் உள்ளே புகுந்து நுரை பாயசமாகிவிடும். அதனால் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்த கிண்ணமாக எடுத்து, அந்த விளிம்பு வெளிப் பாத்திரத்தின் வாயில் உட்காரும்படி வையுங்கள். அல்லது கனமான பீங்கான் கிண்ணம் வையுங்கள், அது மிதக்காது. வெளிப் பாத்திரத்துக்கு அடியில் ஒரு ஈரத்துணி போட்டால் வழுக்காது. எவர்சில்வர் மெல்லிசாக இருப்பதால் அதைத் தனியாகச் சூடாக்க வேண்டியதில்லை. ஆனால் அதே காரணத்தால் வெளிப் பாத்திரம் சூட்டை வேகமாக விட்டுவிடும், அதைச் சுற்றி ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள்.

ஒரு மாதம் இப்படி ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் ஸ்கட்டில் வாங்குங்கள். நான் இந்த வரிசையில் செய்யவில்லை, நேராகப் போய் வாங்கிவிட்டேன். மாமியார் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

"ஸ்கட்டில் வந்த பிறகு நுரை தண்ணியா ஓடுது. முன்னாடி கெட்டியா வரும்."

சூட்டில் சோப்பு கூடுதலாகக் கரைந்து இளகும், குமிழிகளும் சீக்கிரம் உடையும். கிண்ணத்தில் கடைந்த பழைய அளவிலேயே தண்ணீர் விட்டால் நீர்த்துப் போகும். பிரஷை இன்னும் ஒரு முறை உதறிவிட்டுத் தொடங்குங்கள், சோப்பைப் பத்து நொடி அதிகமாகத் தேயுங்கள். கெட்டியான சோப்புக் கட்டி இதில் கிரீமைவிட நன்றாக நிற்கிறது என்பது என் அனுபவம்.

சிலருக்கு நேர் எதிராக, முதலில் நன்றாக இருந்து மூன்றாவது மழிப்பில் விளிம்பெல்லாம் காய்ந்து பொருக்காகிவிடும். சூட்டில் நுரையின் கொஞ்சநஞ்ச ஈரமும் ஆவியாகிறது. பிரஷை வெறுமனே வெளியே வைக்காமல் கிண்ணத்துக்குள்ளேயே விடுங்கள், அது மூடியாகவும் இருக்கும். எடுக்கும் முன் நுனியில் நாலு சொட்டுத் தண்ணீர் தொட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் நுரை உயிர் பெற்றுவிடும்.

"சோப்பை அடியிலயே வச்சிடலாமா? எடுத்து எடுத்து வைக்க அலுப்பா இருக்கு."

பழைய வகையில் அதற்குத்தான் தட்டு இருக்கிறது. புது வகையில் வேண்டாம். சூடான அடியில் சோப்பு கொழகொழவென்று உருகிக்கொண்டே இருக்கும், மூன்று மாதம் வர வேண்டிய கட்டி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும்.

"பேட்ஜர் முடி பிரஷ் காஸ்ட்லி. வெந்நீர்ல கெட்டுப் போகாதா?"

பேட்ஜர் என்பது வளை தோண்டி வாழும் ஒரு விலங்கு. அதன் முடி கொதிநீர் பட்டால் கெடும். முடி முறுகி உடையத் தொடங்கும், கைப்பிடிக்குள் முடிக்கட்டைப் பிடித்திருக்கும் பசையும் இளகும். ஆனால் புது வகை ஸ்கட்டிலில் பிரஷ் வெந்நீருக்குள் இறங்குவதே இல்லை, நுரைக்குள்தான் நிற்கிறது. கைக்குத் தாங்குகிற சூடு பிரஷுக்கும் தாங்கும். பன்றி முடி பிரஷுக்கும் இதே விதிதான்.

"பழைய சாமான் சந்தையில ஸ்கட்டிலோட அந்தக் காலத்து பிரஷும் சேர்த்துக் குடுத்தாங்க. நல்ல கண்டிஷன். யூஸ் பண்ணலாமா?"

பிரஷை முகத்தில் வைக்காதீர்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சவரம் செய்துகொண்டவர்களுக்கு முகத்திலும் கழுத்திலும் ஆந்த்ராக்ஸ் என்ற, விலங்குகளிடமிருந்து தொற்றும் கொடிய கிருமி நோய் வந்தது. மலிவான இறக்குமதிக் குதிரை முடியைப் பேட்ஜர் முடி போலத் தோன்றும்படி செய்து பிரஷ் கட்டியிருக்கிறார்கள், கிருமி நீக்கம் சரியாகச் செய்யவில்லை. ஆந்த்ராக்ஸ் விதைத்துகள் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கக்கூடியது, சாதாரணமாகக் கழுவினால் சாகாது. உங்கள் பிரஷில் அது இருக்கிறது என்று சொல்லவில்லை. ஒரு புது பிரஷ் விலைக்கு இந்தச் சூதாட்டம் எதற்கு என்கிறேன்.

பாண்டத்தைப் பயன்படுத்தலாம், பார்த்துவிட்டு. வெளிச்சத்தில் பிடித்தால் பூச்சின் மேல் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் தெரிகிறதா? விரலால் சுண்டினால் 'ணங்' என்று கேட்கிறதா, 'தொப்' என்று கேட்கிறதா? தொப் என்றால் உள்ளே எங்கோ விரிசல். பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும், அதனால் அதில் டீ மட்டும் போட்டுக் குடிக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், ஒருவர் கேட்டார்.

"மைக்ரோவேவ்ல தண்ணியோட வச்சு சூடு பண்ணிக்கலாமா?"

அடைப்பான் போட்ட நிலையில் கூடவே கூடாது, நீராவிக்கு வெளியேற வழி இருக்காது. திறந்திருந்தாலும் எனக்கு உடன்பாடில்லை. பாண்டம் முழுக்க ஒரே மாதிரி சூடாகாது, பூச்சுக் கீறல் வழியே ஈரம் ஊறியிருந்தால் கைப்பிடியே அனலாக இருக்கும். முன்பே சொன்ன குழாய் வெந்நீர் வழியில் எந்த ஆபத்தும் இல்லை.

"உள்ளே வெள்ளையா படிஞ்சிருக்கு, ஒரு மாதிரி வாடையும் வருது."

வெள்ளைப் படிவம் உப்பு, சென்னைக்காரருக்குச் சொன்ன அதே கால்சியம்தான். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தண்ணீர் நிற்கும் கூட்டுக்குள் ஊற்றி அரை மணி நேரம் விட்டால் விட்டுவிடும். எலுமிச்சைச் சாறும் சரி. வாடைக்குக் காரணம் மூடிய கூட்டுக்குள் தேங்கும் தண்ணீர். அங்கே கை நுழையாது, துடைக்க முடியாது. தினமும் முடித்ததும் கொட்டிவிட்டு, அடைப்பானைத் தனியாக எடுத்து வைத்து, துவாரம் கீழே பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள்.

"கைப்பிடி உடைஞ்சிடுச்சு. ஒட்டிப் பயன்படுத்தலாமா?"

சாதாரணப் பசையை வைத்து ஒட்டினால் தினமும் வெந்நீர்ச் சூட்டில் இளகிக்கொண்டே போகலாம். விடுவதும் நிறைந்த பாண்டத்தைத் தூக்கும் நேரத்தில்தான் விடும். என் முதல் ஸ்கட்டில் இப்படித்தான் ஆனது, நல்லவேளை தண்ணீர் வாஷ்பேசினுக்குள் விழுந்தது. இப்போது அது சமையலறை ஜன்னலில் இருக்கிறது. கூட்டுக்குள் தண்ணீர், கிண்ணத்தில் மண், அதில் ஒரு சாண் உயரக் கறிவேப்பிலைக் கன்று. கைப்பிடி இருந்த இடத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறோம்.